இறையியல் படிக்க யார் வருகிறார்கள்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒருமுறை போய்ப் பாருங்கள். இன்ஜினீயரிங், நர்சிங், கேட்டரிங், சி.ஏ. கோச்சிங் என்று பேனர்கள் வரிசை கட்டி நிற்கும். 'உங்கள் பிள்ளையை எங்களிடம் அனுப்புங்கள்' என்று கல்லூரிகள் கூவிக் கூவி அழைக்கும். அந்தக் கூட்டத்தில் கண்ணில் படாத ஒரு படிப்பு உண்டு. இறையியல்! ஆயராகவோ பாதிரியாராகவோ ஆக விரும்புபவர்கள் படிக்கும் படிப்பு.

'இதற்கு ஆள் குறைகிறதே' என்ற கவலை இன்று உலகம் முழுவதும் இருக்கிறது. வாட்டிகன் வெளியிடும் கணக்குப்படி, 2011ல் உலகெங்கும் கத்தோலிக்கக் குருமாணவர்கள் ஏறக்குறைய 1,20,600 பேர். 2023ல் அது 1,06,500 ஆக இறங்கிவிட்டது. அந்த ஆண்டு எண்ணிக்கை கூடிய ஒரே கண்டம் ஆப்பிரிக்கா. அமெரிக்காவில் 1807ல் தொடங்கிய ஆண்டோவர் நியூட்டன் என்ற பழம்பெரும் இறையியல் கல்லூரி, மாணவரும் பணமும் குறைந்துபோய் தன் வளாகத்தையே விற்றுவிட்டு யேல் பல்கலைக்கழகத்துக்குள் ஒண்டுக்குடித்தனம் போனது.

நம் ஊருக்கு வருவோம். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகள் 1992-93ல் சராசரி 2.5. 2019-21ல் அது 1.8. நாலைந்து பிள்ளைகள் இருந்த வீட்டில் 'ஒருத்தன் சாமியாராப் போகட்டும்' என்று சொல்வது எளிது. இருப்பதே ஒரு பையன் என்றால்? கத்தோலிக்கப் பாதிரியாருக்குக் கல்யாணம் கிடையாது. பிளஸ் டூ முடித்துக் குருமடத்தில் சேர்ந்தால், தத்துவம், இறையியல், பங்குகளில் பயிற்சி என்று குருப்பட்டம் பெற பத்து ஆண்டுகள் போல ஆகிவிடும். கூடப் படித்தவன் ஐ.டி. கம்பெனியில் சேர்ந்து, மேடவாக்கத்தில் ஃபிளாட் வாங்கி, ஈ.எம்.ஐ.யில் பாதியைக் கட்டியிருப்பான்!

சி.எஸ்.ஐ. போன்ற சபைகளில் ஆயர் குடும்பஸ்தராக இருக்கலாம். ஆனால் வழி சுலபமில்லை. உள்ளூர் சபை பரிந்துரைக்க வேண்டும், திருமண்டலம் தேர்வு செய்ய வேண்டும், பிறகுதான் பி.டி. படிப்பு. பட்டதாரிகளுக்கே அது நான்கு ஆண்டுகள். கைக்கு வரும் சம்பளம் பெரிதாக இருக்காது. எந்த ஊருக்கு மாற்றினாலும் பெட்டி கட்ட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கவலையை உலகம் உட்கார்ந்து பேசிய இடங்களில் ஒன்று நம் தாம்பரம்தான். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937ல் நகரத்தின் நெரிசலிலிருந்து தாம்பரத்துக் காட்டுக்கு இடம் மாறியது. மறு ஆண்டு டிசம்பரில் அந்தப் புது வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. முதலில் சீனாவில் நடப்பதாக இருந்த மாநாடு அது. ஜப்பான் படையெடுப்பால் இங்கே வந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பிரதிநிதிகள், கல்லூரி விடுதிகளில் தங்கிப் பேசினார்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட கசப்பான உண்மை: ஊழியர்களுக்குக் கொடுக்கும் இறையியல் பயிற்சிதான் திருச்சபையின் பெரிய பலவீனங்களில் ஒன்று.

பேச்சோடு நிற்கவில்லை. சென்னையில் பணியாற்றிய சார்லஸ் ரான்சன் என்ற அயர்லாந்துக்காரர், இந்தியாவில் ஆயர்கள் எப்படித் தயாராகிறார்கள் என்று ஆராய்ந்து 1940களில் புத்தகமே எழுதினார். அதே ரான்சன்தான் பின்னர், ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க இறையியல் கல்லூரிகளுக்கு உதவ 40 லட்சம் டாலரில் தொடங்கிய நிதியின் முதல் இயக்குநர்.

தமிழ்நாட்டில் இதன் அடுத்த பெரிய அடி மதுரையில் விழுந்தது. நெல்லைப் பக்கம் திருமறையூரில் இருந்த கல்லூரியும் தரங்கம்பாடி லுத்தரன் கல்லூரியும் இணைந்து, 1969ல் அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி உருவானது. அங்கே தமிழிலேயே இறையியல் படிக்கலாம். மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியேறி, ஏழை மக்களோடு தங்கிப் படிக்கும் முறையும் வந்தது. 'பறட்டை' என்று மாணவர்கள் அழைத்த தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டுகளையே ஆராதனைக்குள் கொண்டுவந்தார்.

கதவைத் தட்டுபவர்களும் மாறியிருக்கிறார்கள். சி.எஸ்.ஐ. 1970களில் பெண்களுக்கு ஆயர் பட்டம் கொடுக்கத் தொடங்கியது. 2013ல் ஆந்திராவின் நந்தியாலில் புஷ்பலலிதா அதன் முதல் பெண் பேராயர் ஆனார். வேலையில் இருந்துகொண்டே அஞ்சல் வழியிலும் ஆன்லைனிலும் படிப்பவர்கள் இருக்கிறார்கள். ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு படிக்க வருபவர்களும் உண்டு. எனவே, விடுதிக் கட்டில்களை மட்டும் எண்ணி 'இறையியலுக்கு மவுசு போச்சு' என்று முடிவு கட்டிவிட முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. புறநகரில் தெருவுக்குத் தெரு சுயாதீன சபைகள் முளைக்கின்றன. அவற்றில் சில தாங்களே பைபிள் ஸ்கூல் நடத்துகின்றன. நல்ல பயிற்சி தருபவையும் உண்டு. சில மாதங்களில் சான்றிதழ், கூடவே பெயருக்கு முன்னால் ஒரு 'டாக்டர்' என்று விற்பவையும் உண்டு. இடிந்த குடும்பம், கடன், தற்கொலை எண்ணம் என்று நொந்துபோனவர்கள் முதலில் தேடி ஓடுவது இவர்களிடம்தான். அரைகுறைப் பயிற்சியோடு ஒருவர் ஆலோசனை சொன்னால், இழப்பு அந்தக் குடும்பத்துக்கு.

ஆகவே, வீட்டில் பிள்ளை 'நான் இறையியல் படிக்கப் போறேன்' என்றால் பதற வேண்டாம். கல்லூரி செராம்பூர் செனட் போன்ற அமைப்போடு இணைந்ததா, அந்தப் பட்டத்தை உங்கள் சபை ஏற்குமா, படித்து முடித்தபின் ஆயர் பணி நிச்சயமா, மாற்று வழி என்ன... இந்த நான்கையும் பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். பிறகு பிள்ளையிடம் ஐந்தாவதாக ஒன்று கேளுங்கள்: 'நடுராத்திரி யாராவது கதவைத் தட்டினா எழுந்து போவியா?'

தயங்காமல் 'போவேன்' என்று சொல்கிற பிள்ளை என்றால், தாராளமாக அனுப்பலாம்.