விடுவதற்கென்றே ஒரு வேட்டை

வட அமெரிக்க ஏரிகளில் ஒரு மீனுக்குப் 'பத்தாயிரம் வீச்சு மீன்' என்று பட்டப்பெயர். பத்தாயிரம் முறை தூண்டில் வீசினால் ஒரு முறை கவ்வும் என்பது பொருள். கணக்கு மிகையாக இருக்கலாம். சலிப்பில் மிகை இல்லை. நாள் முழுக்க வீசிவிட்டுத் தோள் வலியோடும் வெறுங்கையோடும் கரையேறுபவர்களே அதிகம். வேடிக்கை அதற்குப் பிறகுதான். கடைசியில் ஒரு நாள் மீன் அகப்பட்டதும், பிடித்தவர் அதன் நீளத்தை அளக்கிறார், ஒரு படம் எடுத்துக்கொள்கிறார், ஏரியிலேயே விட்டுவிடுகிறார்.

மஸ்கி என்று சுருக்கமாக அழைக்கப்படும் மஸ்கலஞ்ச், பைக் இன மீன்களில் மிகப் பெரியது. பெயர் ஓஜிப்வே பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது. நீண்ட உடல், வாத்தின் அலகுபோல் தட்டையான வாய், வாய் நிறைய ஊசிப் பற்கள். நம்மூர் விராலைப்போல நீர்ச்செடிகளின் ஓரத்தில் அசையாமல் காத்திருந்து, இரை நெருங்கியதும் பாயும். மீன்கள் மட்டுமின்றி வாத்துக் குஞ்சுகளும் அதற்கு இரைதான். முப்பது ஆண்டுகள்வரை வாழக்கூடிய இது 50 அங்குலம் வளர்வதற்குப் பெரும்பாலும் பதினைந்து ஆண்டுகளாவது ஆகிவிடுகிறது. ஏரியின் உச்ச வேட்டை மிருகம் என்பதால் எண்ணிக்கையும் சொற்பம். ஏக்கருக்கு ஒரு வளர்ந்த மஸ்கி இருந்தாலே அது செழிப்பான ஏரி. பெரிய மீன் ஒன்றைக் கொன்றால், அந்த இடம் நிரம்புவதற்குள் ஒரு குழந்தை வளர்ந்து கல்லூரிக்குப் போய்விடும்.

இந்த மீனைத் தேடுபவர்கள் வழக்கமாக விசைப்படகில் போவார்கள். நின்று வீசத் தளம், வலை பிடிக்கக் கூட்டாளி என்று எல்லா வசதியும் அதில் உண்டு. இந்த நூற்றாண்டில் இன்னொரு கூட்டமும் பெருகியிருக்கிறது. ஆர்க்டிக் பகுதியின் இனூயிட் மக்கள் கடல்நாய் வேட்டைக்காகத் தோலால் கட்டிய ஒற்றையாள் படகான கயாக்கின் பிளாஸ்டிக் வாரிசில் இவர்கள் தனியாகக் கிளம்புகிறார்கள். 1997-ல் ஹோபி நிறுவனம் காலால் மிதித்து ஓட்டும் கயாக்கைக் கொண்டுவந்த பிறகு துடுப்புப் போடும் வேலையும் குறைந்தது. இரண்டு கைகளும் தூண்டிலுக்குக் கிடைத்தன.

இவர்களுக்கு ஏற்ற இடம் விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே, ஹேவார்ட் நகருக்கு அருகிலுள்ள சிப்பவா நீர்த்தேக்கம். பரப்பு சுமார் 15,300 ஏக்கர். 1923-ல் கட்டிய அணை இதை உருவாக்கியபோது ஓஜிப்வே மக்களின் கிராமமும் கல்லறைகளும் காட்டரிசி விளைந்த சதுப்புகளும் நீருக்குள் போயின. மூழ்கிய காட்டின் அடிமரங்கள் இன்றும் அங்கங்கே நிற்கின்றன. புல்லும் மரமும் முளைத்த சதுப்புத் திட்டுகள் காற்றடிக்கும் பக்கம் மிதந்து நகர்கின்றன. அடிமரங்களுக்குப் பயந்து விசைப்படகு ஒதுங்கும் மூலைகளில் கயாக் சத்தமில்லாமல் நுழைகிறது. தீவுகளில் கூடாரம் அடித்து, விடியற்காலையும் அந்தியும் தூண்டில் வீசி, மூன்று நான்கு நாள் தங்கிவிட்டுத் திரும்புபவர்களும் உண்டு.

மஸ்கிக்கு ஒரு விசித்திரப் பழக்கம். போலி இரையின் பின்னாலேயே படகுவரை வந்து, கவ்வாமல் வெறித்துப் பார்த்துவிட்டு ஆழத்தில் மறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் இரையை உடனே மேலே தூக்காமல், தூண்டில் கோலின் நுனியை நீருக்குள் விட்டு எட்டு என்ற எண்ணைப் போல வளைத்து வளைத்து இழுப்பது மரபு. விசைப்படகில் நிற்பவர் இதை மேலிருந்து செய்கிறார். கயாக்கில் உட்கார்ந்திருப்பவருக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. மீன் வாயைத் திறந்து பாய்வது அவர் முழங்கால் அருகில் நடக்கிறது.

அகப்பட்ட பெரிய மஸ்கி கயாக்கையே இழுத்துக்கொண்டு போகும். அதைச் சமாளித்தாலும் அடுத்த சிக்கல் அளவில் இருக்கிறது. மீன் நாலடி, கயாக்கின் அகலம் மூன்றடிக்கும் குறைவு. மடியில் கிடத்தினால் இரு பக்கமும் தொங்கும். துள்ளினால் அதன் வாயில் மாட்டிய மும்முனைத் தூண்டில் முள் மனிதனின் தொடையிலும் ஏறலாம். எனவே விவரம் தெரிந்தவர் மீனைப் படகில் ஏற்றுவதில்லை. ரப்பர் பூசிய ஆழமான வலையில், நீருக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார். நீண்ட குறடால் முள்ளைக் கழற்றுகிறார். கழலாவிட்டால் கத்தரிக்கும் குறடால் முள்ளையே துண்டித்துவிடுகிறார். அளக்கவும் படம் எடுக்கவும் மட்டும் சில விநாடி தூக்குகிறார். அதுவரை தன் மூச்சையும் அடக்கிக்கொள்வது சிலருக்கு வழக்கம். தனக்கு மூச்சு முட்டும்போது மீனுக்கும் முட்டும் என்ற கணக்கு.

இந்தக் கரிசனம் பழையதல்ல. படகருகே வந்த மஸ்கியைத் துப்பாக்கியால் சுட்டு உள்ளே இழுப்பது இதே வட்டாரத்தில் ஒரு காலத்தில் சகஜம். எடைதான் பெருமை. 1949 ஜூலையில் ஹேவார்டுக்குப் பக்கத்து ஏரியில் கால் ஜான்சன் 67 பவுண்டு 8 அவுன்ஸ் மஸ்கியைப் பிடித்தார். அதே அக்டோபரில் சிப்பவாவில் லூயி ஸ்ப்ரே 69 பவுண்டு 11 அவுன்ஸ், அதாவது சுமார் 31.6 கிலோ மீனோடு வந்தார். உலக சாதனை எது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 1957-ல் செயின்ட் லாரன்ஸ் நதியில் பிடித்ததாகச் சொல்லப்பட்ட இன்னும் பெரிய மீன், 1992-ல் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. ஸ்ப்ரேயின் மீன் அவ்வளவு நீளமில்லை என்று பழைய புகைப்படங்களை அளந்து ஒரு குழு வாதிட்டது. ஹேவார்டில் உள்ள நன்னீர் மீன்பிடிப்பு அருங்காட்சியகம் 2006-ல் அதை நிராகரித்தது. அந்த அருங்காட்சியக வாசலில் கண்ணாடி இழையால் செய்த மாபெரும் மஸ்கி நிற்கிறது. பார்வையாளர்கள் அதன் வாய்க்குள் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஐயமில்லாத பெரிய மீன் அது ஒன்றுதான் என்று கிண்டல் செய்யலாம்.

1966-ல் மின்னசோட்டாவில் தொடங்கிய 'மஸ்கீஸ் இங்க்' என்ற சங்கம், பிடித்ததை விடுங்கள் என்று பிரசாரம் செய்தது. சட்டமும் கூடவே இறுகியது. இன்று மின்னசோட்டாவின் பெரும்பாலான ஏரிகளில் 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ள முடியாது. விடப்பட்ட மீன்களுக்கென்றே நீளத்தை மட்டும் கணக்கில் கொள்ளும் தனிச் சாதனைப் பட்டியலும் அங்கே இருக்கிறது. 2021 நவம்பரில் அதே மாநிலத்தின் மில் லாக்ஸ் ஏரியில் 55 பவுண்டுக்கும் அதிகமான மஸ்கி ஒன்று அகப்பட்டது. பிடித்தவர் அதை விடத்தான் பார்த்தார். வெகுநேரம் போராடியும் மீன் தெளியவில்லை. அதன் பிறகே எடை போடப்பட்டது. 1957-லிருந்து நின்ற மாநிலச் சாதனை முறிந்தது. மீன் பிழைத்திருந்தால் எடைச் சாதனை இல்லை.

விட்டால் மட்டும் போதாது என்பதைத்தான் அந்தச் சம்பவம் சொல்கிறது. நீந்திப் போகும் மீனெல்லாம் பிழைப்பதில்லை. கோடையில் இந்த ஆபத்து கூடுகிறது. நீர் சூடாக ஆக அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. போராடிக் களைத்த மீனுக்குத் தேவையோ அதிகம். நீரின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பொறுப்பானவர்கள் மஸ்கிக்குத் தூண்டில் போடுவதை நிறுத்திவிடுகிறார்கள். விடுமுறையும் கயாக்கும் கூடாரமும் தயாராக இருந்தாலும், வெப்பமானியைப் பார்த்துவிட்டு வேறு சிறு மீன்களைத் தேடிப் போகிறார்கள்.

இலையுதிர் காலத்தில் நிலைமை தலைகீழ். பெரிய மஸ்கிகள் குளிர்காலத்துக்குமுன் வயிறு நிரப்பும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மீனுக்கு நீர் சுகம். கயாக் கவிழ்ந்தால் மனிதனுக்கு அதுவே எமன். பனிநீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம், நினைவு தப்புவதற்குள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று குளிர்நீர் ஆய்வாளர்கள் தோராயக் கணக்குத் தருகிறார்கள். உயிர்காப்புச் சட்டை உடம்பில் இல்லாவிட்டால் முதல் நிமிடமே கடைசி நிமிடம் ஆகலாம். விசைப்படகில் அது இருக்கைக்கு அடியில் கிடப்பதுண்டு. கயாக்கில் போகிறவருக்கு அது சட்டைப் பொத்தான் மாதிரி. நீர் புகாத உடையும் வேண்டும், காற்று எழுந்தால் திரும்பிவிடும் மனமும் வேண்டும்.

ஆக, ஒரே ஏரியில் கோடைத் தண்ணீர் மீனைக் கொல்கிறது, குளிர்த் தண்ணீர் மனிதனைக் கொல்கிறது. ஒற்றையாள் படகில், நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் சட்டென்று புரிகின்றன. பத்தாயிரம் முறை வீசும் பொறுமை பலருக்கு வாய்க்கிறது. எந்த நாளில் வீசக் கூடாது என்று தெரிந்து கரையிலேயே உட்கார்ந்திருக்கும் பொறுமை கொஞ்சம் பேருக்குத்தான். அந்த ஏரிகளில் இன்னும் நாலடி மஸ்கி இருப்பதில் அவர்களுக்கும் பங்குண்டு.