யார் காசு, யார் சொல்?

நான் வேலை பார்க்கும் வங்கியில் இரண்டு வழி உண்டு. ஒன்று கவுண்டர் வழி. டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, கூப்பிடும்வரை காத்திருக்கிற வழி. இன்னொன்று மேனேஜர் ரூம் வழி. அதற்கு டோக்கன் கிடையாது. கதவைத் தள்ளிக்கொண்டு போகிறவர் போவார், காபி வரும், பேச்சு நடக்கும். கவுண்டரில் நூறு ரூபாய் கட்டினாலும் சலான் உண்டு, கணக்கில் ஏறும். ரூமுக்குள் பேசியதற்குச் சலான் கிடையாது. பதினோரு வருஷமாகக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்கிற முறையில் இந்தத் தலையங்கத்தை எழுதுகிறேன்.

போன மாதம் நம் வாசகர் வட்டத்தில் ஐரோப்பாவின் லாபித் தொழில் பற்றிப் பேச்சு வந்தது. காசு வாங்கிக்கொண்டு, கம்பெனிகளுக்காகவும் அரசுகளுக்காகவும் அமைச்சர்களிடமும் எம்.பி.க்களிடமும் பேசுகிற தொழில். இந்தத் தொழில்காரர்களுக்கென்றே சங்கங்கள் இருக்கின்றன, ஒழுக்க விதிகள் இருக்கின்றன என்று சொன்னேன். கல்லூரித் தோழர் ஒருவர் எழுந்தார். "அவங்கதான் சங்கம் வச்சி, விதி எழுதி, ஒழுங்கா நடக்குறாங்களே தோழர். அப்புறம் என்ன பிரச்சினை?" என்றார். நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இது அந்தப் பதில்.

முதலில் சங்கங்களின் கதை. பிரான்சில் லாபி ஆலோசகர்களின் சங்கம் 1991ல் தோன்றியது. பிரிட்டனில் தொழில்முறை அரசியல் ஆலோசகர் சங்கம் (ஏ.பி.பி.சி.) 1994ல். ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைநகர் போல ஆகிவிட்ட பிரஸ்ஸல்ஸில் இரண்டு: தனிநபர்களைச் சேர்த்துக்கொள்ளும் சீப் 1997ல், ஆலோசனைக் கம்பெனிகளுக்கான இபாகா 2005ல். ஜெர்மனியின் டெகெபோல் 2002ல். ஆஸ்திரியாவின் ஆல்பாக் 2011ல்.

தேதிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 1994 அக்டோபரில் லண்டனின் 'கார்டியன்' பத்திரிகை ஒரு செய்தி போட்டது. ஹாரட்ஸ் கடை முதலாளிக்குச் சாதகமாகப் பாராளுமன்றத்தில் கேள்வி கேட்க, ஒரு லாபிக் கம்பெனி வழியாக எம்.பி.க்களுக்குக் காசு போனது என்று. பேர் அடிபட்ட இருவரில் டிம் ஸ்மித் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். நீல் ஹாமில்டன் மறுத்தார். ஏ.பி.பி.சி. பிறந்ததும் அதே வருஷம். 2011 மார்ச்சில் லாபிக்காரர்கள் போல நடித்த பத்திரிகையாளர்களிடம் ஆஸ்திரியாவின் முன்னாள் உள்துறை அமைச்சரும் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினருமான எர்ன்ஸ்ட் ஸ்ட்ராஸர் சிக்கினார். சட்டத் திருத்தத்துக்கு வருஷம் ஒரு லட்சம் யூரோ என்று பேரம். 2014ல் மூன்று வருஷச் சிறைத்தண்டனை உறுதியானது. ஆல்பாக் பிறந்தது அந்த 2011ல்தான். வீடு தீப்பிடித்த வாசனை வந்ததும் வாளியோடு முதலில் ஓடி வருகிறவன் வீட்டுக்காரனாகவே இருக்கிறான். வெளியாள் உள்ளே வந்து பார்த்துவிடக் கூடாதே!

அதற்காக விதிகள் எல்லாம் வெறும் காகிதம் என்று சொல்லிவிட முடியாது. ஏ.பி.பி.சி. தன் உறுப்பினர் கம்பெனிகள் பதவியிலிருக்கும் எம்.பி.க்களைச் சம்பளத்துக்கு வைக்கக் கூடாது என்றது. வாடிக்கையாளர் பட்டியலை வெளியிடச் சொன்னது. ஜெர்மன் சங்கம் சட்டப்படியான பதிவேட்டையே ஆதரித்தது. அந்தச் சட்டத்தைத் தள்ளிப்போட்டவர்கள் அரசியல்வாதிகள். கொரோனா முகக்கவச ஒப்பந்தங்களில் எம்.பி.க்கள் சிலர் கமிஷன் வாங்கியது 2021ல் அம்பலமான பிறகுதான் ஜெர்மன் பாராளுமன்றம் அதை நிறைவேற்றியது. 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் விதி எதைக் கேட்கிறது? எப்படிப் பேசினாய் என்று கேட்கிறது. பொய் சொன்னாயா, லஞ்சம் கொடுத்தாயா, உன் பேரையும் அனுப்பியவன் பேரையும் சொன்னாயா? நல்ல கேள்விகள்தான். அந்தப் பேச்சால் யார் வயிற்றில் அடி விழுந்தது என்பது விதிக்குள் வராத கேள்வி. சங்கத்தில் சேருவதும் சேராததும் அவரவர் இஷ்டம். அதிகபட்ச தண்டனை வெளியே அனுப்புவது. வெளியே போனவன் கடையைச் சாத்த வேண்டியதில்லை.

அந்த அதிகபட்ச தண்டனையும் ஒருமுறை நடந்தது. நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

பெல் பாட்டிங்கர் என்று லண்டனில் ஒரு கம்பெனி. மார்கரெட் தாட்சருக்குத் தேர்தல் விளம்பர வேலை பார்த்த டிம் பெல் தொடங்கியவற்றில் ஒன்று. உத்தரப்பிரதேசத்தின் சஹாரன்பூரிலிருந்து தென்னாப்பிரிக்கா போய், ஜனாதிபதி ஜேக்கப் ஜூமாவின் நெருக்கத்தில் கொழித்த குப்தா குடும்பத்தின் ஓக்பே கம்பெனி 2016ல் இவர்களை அமர்த்தியது. மாதம் ஒரு லட்சம் பவுண்டு. அரசாங்கத்தையே கைக்குள் போட்டுக்கொண்டார்கள் என்று குப்தாக்கள் மீது குற்றச்சாட்டு எழுந்திருந்த நேரம். அந்தக் காசில் என்ன பிரச்சாரம் நடந்தது தெரியுமா தோழர்களே? 'பொருளாதார நிறவெறி', 'வெள்ளை ஏகபோக மூலதனம்'!

யாருடைய வார்த்தை இது? ஷார்ப்வில்லில் சுடப்பட்டவர்களுடைய, சொவேட்டோ தெருவில் செத்த பிள்ளைகளுடைய வலியிலிருந்து வந்த அரசியலின் வார்த்தை. வெள்ளையர் கையில் நிலமும் சுரங்கமும் குவிந்து கிடப்பது இன்றும் பொய்யல்ல. அந்த உண்மையைத்தான் மாத வாடகைக்கு எடுத்தார்கள். கறுப்பு மக்களின் கோபத்தை ஒரு பணக்காரக் குடும்பத்தின் வேலியாக நட்டார்கள். நானும் கவிதை எழுதுகிறவன். ஒரு சொல் உண்டாக எத்தனை பேர் அடிபட வேண்டியிருக்கிறது என்று கொஞ்சம் தெரியும். அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

தென்னாப்பிரிக்க எதிர்க்கட்சி ஒன்று லண்டனில் புகார் கொடுத்தது. பிரிட்டனின் மக்கள்தொடர்புத் தொழில் சங்கமான பி.ஆர்.சி.ஏ. விசாரித்து, 2017 செப்டம்பரில் கம்பெனியை வெளியேற்றியது. வாடிக்கையாளர்கள் ஓடினார்கள். சில நாட்களில் கம்பெனி திவாலானது. சங்கத்துக்குப் பல் உண்டு என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுகிறார்கள். இருக்கட்டும். அந்தப் பல் எப்போது வெளியே தெரிந்தது? குப்தாக்களின் மின்னஞ்சல்கள் கசிந்து, ஒரு நாடே கொதித்து, கடல் தாண்டிப் புகார் வந்த பிறகு. கசியாமல் போன மின்னஞ்சல்களின் கதை என்ன? அடுத்த வருஷம், 2018ல், ஏ.பி.பி.சி.யும் இதே பி.ஆர்.சி.ஏ.வுக்குள் இணைந்துவிட்டது.

இன்னொரு வாடகைச் சொல்லையும் சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் பெல்ஜியப் போலீஸ் வீடு வீடாகச் சோதனை போட்டது. சுமார் 15 லட்சம் யூரோ ரொக்கம் சிக்கியது. கட்டாரும் மொராக்கோவும் ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் செல்வாக்கு வாங்கக் கொடுத்த காசு என்பது வழக்கு. இரண்டு அரசுகளும் மறுத்தன. நடுவில் நின்றவர் முன்னாள் உறுப்பினர் பன்சேரி. 2023 ஜனவரியில் அரசு வழக்கறிஞர்களோடு ஒப்பந்தம் போட்டுத் தன் பங்கை ஒப்புக்கொண்டார். மற்றவர்களில் சிலர் மறுத்தார்கள். அவர் நடத்திய மனித உரிமை அமைப்பின் பேரைத் தமிழில் சொன்னால், 'தண்டனையில்லாமையை எதிர்த்துப் போராடு'. பிரஸ்ஸல்ஸின் வெளிப்படைப் பதிவேட்டில் 12,000க்கும் மேற்பட்ட பேர்கள் உண்டு. இந்த அமைப்பின் பேர் அதில் இல்லை. லாபிக்காரன் என்கிற பலகையை மாட்டாதவனுக்கு லாபிச் சங்கத்தின் விதி எப்படிப் பொருந்தும்?

சட்டம் வந்தால் எல்லாம் சரியாகுமா? எந்தச் சட்டம் என்று பார்க்க வேண்டும். பிரிட்டன் 2014ல் ஒரு சட்டம் போட்டது. பிறருக்காகப் பேசும் ஆலோசகர்கள் மட்டும் பதிவு செய்தால் போதும். கம்பெனியின் சொந்த ஆள் போய்ப் பேசினால் பதிவு வேண்டாம். அதே சட்டத்தின் இரண்டாம் பகுதி, தேர்தல் காலத்தில் தொண்டு அமைப்புகளின் பிரச்சாரத்துக்குக் கடிவாளம். மூன்றாம் பகுதி, தொழிற்சங்கங்களின் உறுப்பினர் பட்டியலுக்குத் தணிக்கை. நானும் வங்கி ஊழியர் சங்கத்துக்காரன்தான், எனக்கு இது புரிகிறது. மேனேஜர் ரூமுக்குப் பூட்டு போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, கவுண்டர் வரிசைக்குப் போலீஸ் போட்ட கதை.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் டேவிட் கேமரன். பதவியை விட்ட பிறகு கிரீன்சில் என்ற நிதிக் கம்பெனியில் சேர்ந்தார். 2020ல் அதற்கு அரசு உதவி கேட்டு அமைச்சர்களுக்குத் தானே செல்போனில் செய்தி அனுப்பினார். விசாரித்த பதிவாளர், அவர் கம்பெனியின் ஊழியர், ஆகவே பதிவு செய்யத் தேவையில்லை என்று முடித்தார். சட்டப்படி சரி. ஓட்டையை வைத்துத் தைத்த சட்டை!

ஆஸ்திரியாவின் சட்டம் 2013ல் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவேட்டில் எந்த லாபிக் கம்பெனி எந்த வேலையை எடுத்தது என்ற பகுதியைப் பொதுமக்கள் பார்க்க முடியாதபடி வைத்தார்கள். அயர்லாந்து 2015ல் போட்ட சட்டம் வேறு மாதிரி. ஆலோசகர், கம்பெனி, முதலாளி சங்கம், தொண்டு அமைப்பு எல்லோரும் வருஷம் மூன்று முறை கணக்குக் கொடுக்க வேண்டும். யாரிடம் பேசினாய், எதைப் பற்றி, என்ன கிடைக்கும் என்று எதிர்பார்த்தாய்? யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அது சலான். நாம் கேட்பதும் அதைத்தான்.

"ஐரோப்பாக்காரன் சமாச்சாரம் நமக்கு எதுக்கு?" என்று கேட்பீர்கள். பிரிட்டனின் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று 2013ல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அரசைக் கடமைப்படுத்தியது. அங்கே வாழும் தலித் மக்கள் தெருவில் நின்று, மனுக் கொடுத்து வாங்கிய கடமை. எதிர்த்தரப்பு இந்து அமைப்புகளும் விடாமல் லாபி செய்தன. 2018 ஜூலையில் அந்தக் கடமையை நீக்கப்போகிறோம் என்றது அரசு. இரு தரப்பும் பேசியது தங்களுக்காகவே. ஆகவே ஆலோசகர் பதிவேட்டில் எதற்கும் தடயம் இருக்க வேண்டியதில்லை. எந்தக் கதவு யாருக்கு எத்தனை முறை திறந்தது என்பது நம் ஆட்களின் வாழ்க்கைப் பிரச்சினை.

மனுக் கொடுப்பது நம் உரிமை. வாதாடுவதும் உரிமை. அதையும் லாபி என்று சொன்னால் சொல்லட்டும், வெட்கமில்லை. ஆனால் கல்லூரித் தோழருக்கு என் பதில் இது: தன் கணக்கைத் தானே தணிக்கை செய்கிற கிளார்க்கை எந்த வங்கியும் நம்பாது. நான் நல்லவன் என்பதற்காக என் கல்லாவை இன்னொருவர் எண்ணாமல் விடுவதில்லை. தினமும் சாயந்திரம் எண்ணுகிறார்கள். அதில் எனக்கு அவமானமும் இல்லை.

அப்படியென்றால் நம் கல்லாவை யார் எண்ணுவது? பன்சேரியின் அமைப்புக்கும் நல்ல பேர்தான் இருந்தது. நம் மேடைகளுக்கு, கருத்தரங்குகளுக்கு, இந்தப் பத்திரிகைக்கு யார் காசு தருகிறார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்த இதழிலிருந்து கடைசிப் பக்கத்தில் இதழின் வரவு செலவு அச்சாகும். ஐம்பது ரூபாய் சந்தாவும் வரும், அச்சகத்தில் நிற்கும் கடனும் வரும். கூட்டிப் பாருங்கள். தப்பு இருந்தால் எழுதுங்கள், அதையும் போடுவோம்.

தோழமையுடன்,
ஆசிரியர்