கோயில் தெருக்களில் கடைகள் இருக்கட்டும், மாடி வளாகங்கள் வேண்டாம்

திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலைச் சுற்றிய மாட வீதிகள், ராஜகோபுரத்துக்கு எதிரே உள்ள சன்னதித் தெரு, தேரடித் தெரு, இவற்றில் வந்து சேரும் சந்துகள் ஆகிய இந்தப் பரப்புக்குள் புதிதாகப் பல மாடி வணிக வளாகம் எதுவும் எழக் கூடாது. அதைக் கட்டுவது அரசானாலும் கோயில் நிர்வாகமானாலும் தனியாரானாலும் எங்கள் நிலைப்பாடு இதுதான். இதே பரப்பிலிருந்து இப்போதுள்ள சிறு கடைகளையும் தரைக்கடைகளையும் அகற்றவும் கூடாது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டுகிறோம். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு எங்களை வளர்ச்சிக்கு எதிரி என்பவர்களும், இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஆக்கிரமிப்பாளர் என்பவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

நாங்கள் இந்தத் தெருக்களில் பாத்திரக் கடை, துணிக்கடை, பூஜைச் சாமான் கடை நடத்துபவர்கள், கோபுர வாசலில் நெய்விளக்கும் பூவும் விற்பவர்கள், தள்ளுவண்டியில் பிழைப்பவர்கள். வாடகைக் கடைக்காரரும் தரைக்கடைக்காரரும் ஒரே சங்கத்தில் உட்காருவது அபூர்வம். இந்தக் கேள்வி எங்களை உட்கார வைத்தது.

2023-ல் ராஜகோபுரத்துக்கு எதிரே வணிக வளாகம் கட்டும் முயற்சி நடந்தது ஊருக்கே தெரியும். எதிர்ப்புக் கிளம்பியது, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அப்போது பேச்செல்லாம் கோபுர தரிசனம் மறையுமா, மறையாதா என்பதிலேயே ஓடியது. பக்தர்களின் அந்தக் கவலை நியாயமானது, எங்களுக்கும் உண்டு. ஆனால் அந்த வளாகத்தில் யார் கடை எடுப்பார்கள், எவ்வளவு முன்பணம் கட்டுவார்கள், அதுவரை அங்கே பிழைத்தவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விகள் போதிய அளவுக்குப் பேசப்படவில்லை. நாளைக்கு வேறு பெயரில், வேறு மூலையில் இதே திட்டம் வரலாம். அதனால்தான் இப்போதே எழுதி வைக்கிறோம்.

இந்த ஊரில் வாணிபம் கோயிலின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட ஒன்றல்ல. 14ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் இங்கிருந்து ஆண்டபோது இது ஒரு தலைநகர். கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த 217 அடி ராஜகோபுரத்தின் நிழலில் தலைமுறை தலைமுறையாக விற்றல் வாங்கல் நடந்திருக்கிறது. கார்த்திகை தீபத்துக்கு ஊரே தேர் பார்க்கக் கூடும்போது கூடவே மாட்டுச் சந்தையும் கூடும். செங்கம், போளூர், கீழ்பென்னாத்தூர், தண்டராம்பட்டு கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு மாடும் கயிறும் மணியும் குடமும் வாங்கிக்கொண்டு போவார்கள். 1989-ல் மாவட்டத் தலைநகரானோம், 2024-ல் மாநகராட்சியானோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிறைகிறது. ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வருகிற கூட்டம் முன் எப்போதும் இல்லாத அளவுக்குப் பெருகியிருக்கிறது. நில விலை ஏறுகிறது. இந்த நேரத்தில்தான் மாடி கட்டும் ஆசையும் ஏறும்.

தேரடிப் பக்கம் ஒரு பழைய பாத்திரக் கடைக்குள் வந்து பாருங்கள். அகலம் பத்தடி இருக்கும், நீளம் அதைப்போல் மூன்று மடங்கு. வாசலில் அண்டாவும் குடமும் கயிற்றில் கோத்துத் தொங்கும். சீர் வரிசைக்காகக் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் வரும். கையோடு ஒரு சாக்கில் நசுங்கிய பழைய பித்தளை இருக்கும். கடைக்காரர் அதைத் தராசில் வைத்துப் பழசு விலை சொல்வார். புதுக் குடத்தை எடுத்து விளிம்பில் விரல் முட்டியால் தட்டிக் காட்டுவார். ஓசையிலேயே தகட்டின் கனம் தெரியும். வாங்குகிற அம்மாவும் தட்டிப் பார்ப்பார். பெண்ணின் பெயரைக் குடத்தில் வெட்டித் தர வாசலிலேயே ஒருவர் உளியோடு உட்கார்ந்திருப்பார். பணம் குறைந்தால், “அறுவடை முடிஞ்சு குடுங்கண்ணா, எங்க போயிடப் போறீங்க” என்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள். எடை, பழசுக்குப் புதுசு, பெயர் வெட்டு, கடன் நோட்டு என எல்லாம் தெரு மட்டத்தில், நடந்து போகிறவர் கண்ணில் பட்டு நடக்கிற வியாபாரம் இது. இதே கடையை இரண்டாம் மாடியில் பதினேழாம் எண் கதவுக்குள் வைத்தால் அந்தக் குடும்பம் சாக்கைத் தூக்கிக்கொண்டு படியேறாது.

இது எங்கள் கற்பனை இல்லை. சென்னையின் கதையில் இதற்கு ஆதாரம் இருக்கிறது. 1900 வாக்கில் சென்ட்ரல் நிலையத்தின் அருகே, மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் பெயரில் எழுந்தது மூர் மார்க்கெட். நடுவே முற்றம், சுற்றிலும் தரைமட்டக் கடைகள். பழைய புத்தகத்துக்கும் பழைய சாமானுக்கும் மாநிலமே அங்கே போனது. 1985 மே மாதம் தீயில் அது அழிந்தது. கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளத்தில் மாடி வளாகம் கட்டிக் கொடுத்தார்கள். தூரம் அதிகமில்லை, கட்டடமும் புதுசு. பழைய கூட்டம் மட்டும் படியேறவில்லை. மாடிகளில் பிற்பாடு நீதிமன்றங்கள் வந்து உட்கார்ந்தன. வியாபாரிகளுக்காகக் கட்டிய வளாகத்துக்கு வக்கீல்களும் வழக்காடிகளும்தான் ஏறி இறங்கினார்கள்.

அண்ணா சாலை ஸ்பென்சரை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அந்தச் செங்கல் கட்டடம் 1983-ல் எரிந்தது. அந்த இடத்தில் 1990களில் வந்த ஸ்பென்சர் பிளாசாவைப் பார்க்க நம் ஊரிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எக்ஸ்பிரஸ் அவென்யூ, பீனிக்ஸ் மால்கள் வந்தபின் அங்கே கூட்டம் வடிந்துவிட்டது. ஒரு மாலின் இளமை இருபது வருடம் நீடித்தால் பெரிது. இருபது வருடத்தில் பழசாகிவிடும் ஒன்றை ஐந்நூறு வருடக் கோபுரத்துக்கு எதிரில் நட்டுவைத்தால், பிறகு அதை இடிப்பதும் நம் வரிப்பணத்தில்தான் நடக்கும்.

தியாகராய நகர் எங்களுக்கு இன்னும் நெருக்கமான எச்சரிக்கை. ரங்கநாதன் தெரு ஒரு காலத்தில் ரயில் நிலையத்துக்குப் போகும் குடியிருப்புத் தெரு. சின்னச் சின்னக் கடைகள் வந்தன, பிறகு கடைகள் மாடி மாடியாக உயர்ந்தன, தெரு மட்டும் அதே அகலத்தில் நின்றது. 2008 செப்டம்பரில் அந்தத் தெருவின் பெரிய கடை ஒன்றில் தீப்பிடித்து ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை எரிந்து, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து, மிச்சத்தை இடித்துத்தான் தீர்க்க வேண்டியிருந்தது. விதியை மீறி எழுந்த கட்டடங்களை என்ன செய்வது என்று தெரியாமல் 1998-ல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தப் பார்த்தார்கள். அதன் வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை ஓடின. முதலில் கட்டிவிட வேண்டியது, பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்ற பழக்கத்தைச் சென்னை இப்படித்தான் கற்றது. நம் பே கோபுரத் தெருவிலும் சின்னக்கடை வீதியிலும் தீயணைப்பு வண்டி திரும்பவே திணறும். பௌர்ணமி இரவில் ஆம்புலன்ஸே நகராது. இங்கே ஐந்து மாடியில் தீப்பிடித்தால் யார் யாரைக் காப்பாற்றுவது?

பெரிய கடைகளின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்களின் கால் வலிக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. எங்கள் கடைகளில் சம்பளம் குறைவுதான், வேலை நேரமும் நீளம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் வேலைக்கு வந்த பையன் பத்து வருடத்தில் தொழில் கற்றுத் தனிக்கடை போட்ட கதை எங்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. வளாகத்தின் வாடகையில் அந்தப் படி அறுந்துவிடும்.

மதுரை இரண்டு பாடங்களைத் தருகிறது. 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சி அம்மன் கோயில் வீர வசந்தராயர் மண்டபத்தில் கடைகளில் பற்றிய தீ, கல் மண்டபத்தையே சிதைத்தது. அதன்பின் கோயில்களுக்குள் கடை கூடாது என்று அரசு முடிவெடுத்தது. அதை நாங்கள் மனதார ஏற்கிறோம். மதில் சுவருக்கு உள்ளே, கல்தூண்களுக்கு இடையே வியாபாரம் வேண்டாம். அதே மதுரையில் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று 1997-ல் அரசாணை வந்தது. அதை மீறியவர்கள் பலர், வழக்குகளும் பல. ஆனாலும் மீட்டர் கணக்கில் ஒரு வரம்பு எழுத்தில் இருப்பதால்தான் குடிமக்கள் நீதிமன்றத்தில் நிற்க முடிகிறது. திருவண்ணாமலையின் முழுமைத் திட்டத்திலும் அதே போல மீட்டரில், தெருப் பெயர்களோடு வரம்பு வேண்டும். மாட வீதிகளிலும் சன்னதித் தெருவிலும் தரைத்தளமும் ஒரு மாடியும் போதும் என்பது எங்கள் கருத்து.

கோயிலுக்கு வருமானம் வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டும். கடை வாடகையில் வழிபாட்டுத் தலம் நடப்பதில் எந்தக் குறையும் இல்லை. இஸ்தான்புல்லின் பெரிய அங்காடி 15ஆம் நூற்றாண்டில் தொடங்கியபோதே அதன் வாடகை அயா சோபியா பள்ளிவாசலின் பராமரிப்புக்கு என எழுதி வைக்கப்பட்டது. அந்த அங்காடி இன்றைக்கும் பெரும்பாலும் தரைமட்டக் கடைகளாகவே நடக்கிறது. கோயில் அடிமனைக்கு நியாய வாடகை தர எங்கள் உறுப்பினர்கள் தயார். பல பத்தாண்டு பழைய வாடகையில் உட்கார்ந்துகொண்டு, அதைப் பல மடங்குக்கு உள்வாடகை விட்டுச் சாப்பிடுகிறவர்களுக்காக இந்தச் சங்கம் ஒருநாளும் பேசாது. அப்படிப்பட்ட கடைகளை நிர்வாகம் மீட்டு, அங்கே உண்மையில் உட்கார்ந்து வியாபாரம் செய்பவர் பெயருக்கே எழுதட்டும். ஆனால் புது வளாகம் கட்டிப் பொது ஏலம் விட்டால் நடப்பது தலைகீழாக இருக்கும். பெரிய தொகை கட்டக் கூடியவர் நாலு கடையைச் சேர்த்து எடுப்பார், பகடி வாங்கிக் கைமாற்றுவார். நெய்விளக்கு விற்கும் அக்கா காலையில் தண்டல்காரரிடம் வாங்கி மாலையில் திருப்பிக் கட்டுகிறவர். அவர் ஏலத்தில் கை தூக்கவே முடியாது.

தரைக்கடைகளைப் பொறுத்தவரை நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-ல் வந்துவிட்டது. கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது. ஐம்பது ஆண்டுக்கு மேல் கூடிவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவித்து, அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது என்றும் சொல்கிறது. ராஜகோபுர வாசலுக்கும் தேரடிக்கும் பொருந்தாவிட்டால் இந்த விதி தமிழ்நாட்டில் வேறு எங்கே பொருந்தும்? சிங்கப்பூரில் 1968-69-ல் முதலில் நாடு முழுக்கத் தெருக்கடைக்காரர்களைப் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகே 1971 முதல் உணவங்காடிகளைக் கட்டி அவர்களைக் குடியேற்றினார்கள். 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் அந்த உணவங்காடிப் பண்பாடு இடம்பெற்றது. பெயர்ப் பட்டியல் முதலில் வந்ததால், கட்டிய கடைகள் அந்தப் பெயர்களுக்கே போய்ச் சேர்ந்தன.

பெரிய கட்டடங்களே ஊருக்கு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. துணிக்கடலும் நகைமாளிகையும் சூப்பர் மார்க்கெட்டும் வரட்டும்; புறவழிச் சாலைகளில், வாகனம் நிறுத்த இடத்தோடும் நான்கு பக்கமும் தீயணைப்பு வண்டி சுற்றிவர வழியோடும் வரட்டும். மொத்த வியாபாரம் ஊருக்கு வெளியே போவதையும் ஆதரிக்கிறோம். 1996-ல் கொத்தவால் சாவடி கோயம்பேட்டுக்குப் போனபோது வியாபாரிகள் கலங்கினார்கள், ஆனால் லாரிகளுக்கும் மூட்டைகளுக்கும் அது சரியான முடிவு. மணிலா மூட்டையும் அரிசி மூட்டையும் மாட வீதியைத் தொடாமல் போகலாம். ஒரு முழம் பூவும் ஒரு கட்டிக் கற்பூரமும் வாங்குகிறவர் புறவழிச் சாலைக்குப் போக மாட்டார்.

எங்கள் பங்குக்குச் சிலவற்றைச் செய்ய உறுப்பினர் கூட்டத்தில் தீர்மானித்திருக்கிறோம். கடைக்கு முன்னால் தகரக் கூரையை இழுத்து நடைபாதையை மூடும் உறுப்பினருக்காகச் சங்கம் வாதாடாது. மாட வீதிக் கடைகளில் சமையல் எரிவாயு உருளையோடு டீக்கடை நடத்துவோர் தீயணைப்பான் வைத்தே ஆக வேண்டும். தீபம், பௌர்ணமி நாள்களில் தேரோடும் பாதையில் ஒரு தட்டுகூட வெளியே வராது. தரைக்கடைகளுக்குக் கோடு போட்டுத் தந்தால், அந்தக் கோட்டுக்குள் நிற்பதை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

மாநகராட்சி, இந்து சமய அறநிலையத் துறை, மாவட்ட நிர்வாகம் மூன்றும் சேர்ந்து மாட வீதிகள், சன்னதித் தெரு, தேரடித் தெரு முழுவதும் கடை வாரியாக, ஆள் வாரியாகக் கணக்கெடுக்க வேண்டும். யார் வாடகை கட்டுகிறார், யார் உள்வாடகைக்கு இருக்கிறார், யார் தரையில் உட்காருகிறார் என்று பெயரோடு எழுத வேண்டும். அந்தப் பட்டியலை வரும் தீபத் திருவிழாவுக்கு முன்பாக மாநகராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். அது ஒட்டப்படும் வரை இந்தப் பரப்பில் புதிய வணிகக் கட்டடம் எதற்கும் ஒப்புதல் தரக் கூடாது. கணக்கெடுக்க வருகிறவர்களோடு தெருத் தெருவாக நடந்து அடையாளம் காட்ட எங்கள் சங்கத்தினர் வருவார்கள்.