‘கேமிங் ரவுட்டர்’ வாங்கினால் லேக் போய்விடுமா? ‘சின்ன சிங்கப்பூர்’ வீடுகளுக்கு எது சரி?

இரவு 9 மணி. சிங்கப்பூரில் அப்போது 11.30. வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய அத்தா வீட்டுக்கு வீடியோ கால் போடும் நேரம். கூத்தாநல்லூரில், கூடத்தில் அம்மா போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நடு அறையில் அக்காவுக்கு லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங். மாடியில் தம்பி பிஎஸ்5-ல் புது கேமை டவுன்லோட் போட்டிருக்கிறான். அத்தாவின் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. ‘100 எம்பிபிஎஸ் பிளான்தானே போட்டிருக்கோம்?’ என்று அந்தப் பக்கமிருந்து கேள்வி. அடுத்த வாரமே எட்டு ஆன்டெனா வைத்த ‘கேமிங் ரவுட்டர்’ ஒன்று ஆர்டர் ஆகிறது.

திருவாரூர் மாவட்டத்தின் கூத்தாநல்லூரில் இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் என்று தலைமுறைகளாக ‘சபுர்’ போய்வரும் ஊர் அது. ‘சின்ன சிங்கப்பூர்’ என்ற பட்டப்பெயரே உண்டு. இங்கே பிராட்பேண்ட் விளையாட்டுக்கு மட்டுமில்லை, குடும்பம் ஒன்றாக இருப்பதற்கும் அதுதான் வழி. அதனால் ரவுட்டரைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் போவது பணம் மட்டும் அல்ல.

முதலில் ஒரு விஷயம். அந்தக் கால் உடைந்ததற்கு ஆன்டெனா காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. 100 ஜிபி கேம் ஒன்றை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க, முழு வேகம் கிடைத்தாலும் இரண்டேகால் மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் கன்சோல் மொத்த லைனையும் இழுத்துக்கொள்ளும். வீடியோ காலுக்குத் தேவை சில எம்பிபிஎஸ்தான். ஆனால் அதன் தகவல் துணுக்குகள் கேம் டவுன்லோடுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. வேகம் இருக்கும், நேரத்துக்கு வராது. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆற்றில் தண்ணீர் ஓடினாலும், மேல்மடையில் யாரும் முறை வைக்காவிட்டால் கடைமடைக்கு எதுவும் வராது.

அந்த முறையை வைக்கும் வசதி ரவுட்டரில் உண்டு. அதன் பெயர் க்யூஓஎஸ். இன்னும் சரியாகச் செய்வது எஸ்க்யூஎம். உங்கள் உண்மையான வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாக வைத்தால், வரிசையை ரவுட்டரே கையில் எடுத்து எல்லோருக்கும் பங்கு போடும். ரவுட்டர் வாங்கும்போது பெட்டியில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். வேறு கருவி வாங்காமலே சோதிக்கலாம்: ஒரு சாதனத்தில் பெரிய டவுன்லோடை ஓடவிட்டு, இன்னொன்றில் பிங் பாருங்கள். 20, 30-ல் இருந்த எண் 300-க்குத் தாவினால் பிரச்சினை வரிசையில்தான்.

பெட்டியின் மேல் இருக்கும் மற்ற எண்கள் பெரும்பாலும் கண்கட்டு. ‘ஏசி1200’ என்றால் 1,200 எம்பிபிஎஸ் கிடைக்காது. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 300, 5 ஜிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி மேலே உருட்டிய கணக்கு அது. உங்கள் லேப்டாப் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். அதே பெட்டிக்குப் பின்னால் 10/100 லேன் போர்ட் இருந்தால் கேபிளில் 100-ஐத் தாண்டவே தாண்டாது. 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டவர்கள் கிகாபிட் போர்ட் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

கன்சோலையும் பார்க்க வேண்டும். பிஎஸ்5-ல் வைஃபை 6 இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் வைஃபை 5தான். 2013-ல் வந்த முதல் பிஎஸ்4-க்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையே தெரியாது! அதை வைத்திருப்பவர் வைஃபை 7 ரவுட்டர் வாங்கினால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

வைஃபை 7 விஷயத்தில் இந்தியாவுக்குத் தனிக் கதையே இருக்கிறது. 2024 நவம்பரில் பிஎஸ்5 ப்ரோ உலகச் சந்தைக்கு வந்தபோது இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை. 6 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வைஃபைக்கு அனுமதிக்காத நாடுகளில் விற்க முடியாது என்று சோனி காரணம் சொன்னது. அந்த அலைவரிசை தங்களுக்கு வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. அதில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை உரிமமின்றிப் பயன்படுத்த மத்திய அரசு 2025 மே மாதம் வரைவு விதிகளை வெளியிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் சுவர் என்று வந்தால் 6 ஜிகாஹெர்ட்ஸ் 5-ஐவிட இன்னும் சோப்ளாங்கி.

இந்த ஊரில் கேள்வியே சுவர்தானே? வாசலில் தொடங்கி கூடம், அறைகள், சமையல்கட்டு, கொல்லை என்று நீளும் வீடு, கனமான செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம். ஆபரேட்டர் ஃபைபரை வாசலோடு நிறுத்தி, பெட்டியை அங்கேயே மாட்டிவிட்டுப் போய்விடுவார். பத்து ஆன்டெனா இருந்தாலும் மாடி அறைக்கு மிச்சம்தான் போகும். மாட்டும் நாளிலேயே நின்று, ‘அண்ணே, நடுவீடு வரைக்கும் இழுத்துக் கொடுங்க’ என்று கேட்டுவிடுவது நல்லது. அங்கிருந்து மாடிக்கு ஒரு கேட்6 கேபிள். சில நூறு ரூபாய்தான்; 100 மீட்டர் வரை தாங்கும். பிஎஸ்5-ஐயும் டெஸ்க்டாப்பையும் அதில் கட்டிவிட்டால் வைஃபை போன்களுக்கும் லேப்டாப்புக்கும் மிச்சமாகும். மெஷ் வாங்கினாலும் இரண்டு பெட்டிகளையும் கேபிளில் இணைத்தால்தான் காசுக்குப் பலன்.

புது ரவுட்டரைப் பழைய பெட்டியோடு அப்படியே செருகுவது இன்னொரு தவறு. இரண்டு பெட்டிகளும் தனித்தனியாக முகவரி கொடுக்கும். கன்சோலில் நண்பர்களோடு பேச முடியாது, ‘நேட் டைப் 3’ என்று வரும். பழையதை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். பிறகும் அதுவே வந்தால், நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருக்கலாம். அதை எந்த ரவுட்டராலும் சரிசெய்ய முடியாது. சேர்க்கும்போதே இதைச் சொல்ல வேண்டிய கடமை நிறுவனங்களுக்கு உண்டு. பிளான் விளம்பரத்தில் வேகம் பெரிய எழுத்தில் இருக்கும். இது மட்டும் எங்கேயும் இருக்காது.

தூரத்தையும் யாராலும் குறைக்க முடியாது. சென்னை – சிங்கப்பூர் ‘ஐ2ஐ’ கடலடி கேபிள் 2002-ல் வந்தது. நீளம் சுமார் 3,200 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. போகும். போய்வர 32 மில்லி செகண்ட், அதுவும் சென்னையிலிருந்து. வேலரண்ட் போல மும்பையில் சர்வர் உள்ள கேமில் சிங்கப்பூர் சர்வரைத் தேர்ந்தெடுத்துவிட்டு ரவுட்டரைத் திட்டுவதில் நியாயமில்லை.

மிச்சமாகும் பணத்தில் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கலாம். ஃபைபர் பெட்டி, ரவுட்டர் இரண்டுக்கும் வோல்டேஜ் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆபரேட்டர் பக்கத்தில் மின்சாரம் இருக்கும்வரை, கரண்ட் போன இரவிலும் சில மணி நேரம் அத்தாவோடு பேசலாம். பிஎஸ்5 மட்டும் அணைந்திருக்கும். அதில் அம்மாவுக்கு வருத்தம் இருக்காது.