பச்சையா, பொன்னிறமா?

பழையதைப் பளபளப்பாக்கிப் பாழாக்கும் நம் கண்டிப் பழக்கத்தைப் பற்றி இங்கே அடிக்கடி எழுதியிருக்கிறேன். இந்த வார எரிச்சல் ஒரு மொரிஸ் மைனரால் வந்தது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கராஜில், நண்பரின் கார் எஞ்சினுக்கு இரத்தச் சிவப்பு அடித்து வைத்திருந்தார்கள். "பொனட்டத் தொறந்தா சும்மா ஜொலிக்கும் அண்ணே" என்றார் பெயின்ட் பாஸ்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அந்தக் காருக்கு 1952இல் 803 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின் வந்தது. பிறகு 948, அடுத்து 1098. தொழிற்சாலையில் அவற்றுக்கு அடித்த நிறம் பச்சை. பொன்னிறம் தெரிந்தாலும் பிழையில்லை. கம்பெனியே புதுப்பித்து விற்ற 'கோல்ட் சீல்' மாற்று எஞ்சினின் நிறம் அது. எதுவென்று தெரிய கெட்டலொக் தேட வேண்டாம். டைனமோ தாங்கியின் பின்புறப் பிசுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மண்ணெண்ணெய் என்றதும் யாழ்ப்பாணம்தான் ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் எட்டாக்கனி. ஒஸ்டின் ஏ40களும் மொரிஸ் மைனர்களும் அங்கே மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே கார்புரேட்டருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியபின் மாற்றினார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அது தாக்குப்பிடித்தது. எரியாமல் வழிந்த மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். பேரிங் தேயும், புகை கண்ணைக் கரிக்கும். அப்படியிருந்தும் நோயாளியையும் கர்ப்பிணியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தவை அந்தக் கார்களே.

அவற்றை ஓட வைத்த மெக்கானிக்மாரின் பெயர் எந்த வரலாற்றில் இருக்கிறது? அவர்களின் கையெழுத்து எஞ்சினுக்குள்தான் கிடக்கிறது. பிஸ்டன் தலையில் '040' என்று பொறித்திருந்தால், சிலிண்டரை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு அகலமாகக் கடைந்து அந்த எஞ்சினுக்கு மறுவாழ்வு கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். கடதாசி மட்டையில் கையால் வெட்டிய கேஸ்கட் இருந்தால், உதிரிப்பாகம் வராத காலத்தை ஒருவர் வென்றிருக்கிறார் என்று பொருள். இவற்றையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டுச் சிவப்பு அடிப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கம்பி பிரஷை எடுக்குமுன் எஞ்சினை நாலு பக்கமும் படம் பிடியுங்கள். கழற்றியதை எழுதிவையுங்கள். முன்பு அதில் கை வைத்த பாஸ்மார் உயிரோடு இருந்தால் போய்ப் பேசி, அவர்கள் பெயரையும் அதே கொப்பியில் எழுதுங்கள். நிறத்தை அதன்பிறகு முடிவு செய்யலாம்.