குழந்தை குற்றவாளியல்ல

நோயற்று ஓடியாடும் குழந்தையின் மூக்கினுள்ளே மருந்துக்கு மசியாத கிருமி குடியிருக்கக் கூடும் என்று கேட்டால் பெற்றார் திடுக்கிடுவர். அது இயல்பே. ஆயினும், நியூமோனியாவையும் காதுநோயையும் விளைவிக்கவல்ல நியூமோகொக்கசு என்னும் பற்றீரியா, சின்னஞ்சிறார் பலரிடம் எத்தீங்கும் செய்யாது தங்கியிருப்பது வழமையாகும். பகற்பொழுதில் பிள்ளைகள் கூடி விளையாடும் பராமரிப்பு நிலையங்களில் அது ஒருவரிலிருந்து மற்றவருக்கு எளிதில் தாவுகின்றது. இதிலே குழந்தையின் குற்றம் யாது? தாயின் குற்றந்தான் யாது?

குற்றம் மருந்தை நாம் கையாளும் முறையிலேயே உள்ளது. எமது கமக்காரருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஒரே பூச்சிமருந்தை மீண்டும் மீண்டும் விசிறினால் மெலிந்த பூச்சி மடியும்; தாங்கவல்லது தப்பிப் பெருகும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945இல் நிகழ்த்திய தமது நோபல் உரையிலேயே, குறைந்த அளவில் மருந்துண்டால் கிருமிகள் அதனை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். உலகம் செவிசாய்க்கவில்லை.

ஐஸ்லாந்தின் அனுபவத்தைப் பாருங்கள். அங்கே நோயாளரிடம் காணப்பட்ட நியூமோகொக்கசுகளுள் பெனிசிலினை எதிர்ப்பவை 1989இல் நூற்றுக்கு 2 அளவில் இருந்தன. 1993இல் ஏறக்குறைய 20 ஆகிவிட்டன. அவற்றுட் பெரும்பாலானவை ஸ்பெயினில் முன்னரே பரவியிருந்த ஓர் இனத்தைச் சேர்ந்தவை. சூழ்ந்து நின்ற கடல் அத்தீவுக்குக் காவலாகவில்லை. ஆனால், அந்நாட்டு மருத்துவர்களும் சுகாதாரப் பகுதியினரும் வாளாவிருக்கவில்லை. தேவையற்ற மருந்துப் பாவனையைக் குறைக்குமாறு மக்களுக்கு எடுத்துரைத்தனர். பாவனை குறைந்தது, எதிர்ப்புக் கிருமியின் ஏற்றமும் நின்று தணியலாயிற்று.

தென் சுவீடனிலோ, 1995 முதல், எதிர்ப்பு மிகுந்த கிருமியைக் காவிய பிள்ளைகளை அது நீங்கும்வரை பராமரிப்பு நிலையங்களிலிருந்து விலக்கி வைத்தனர். நோயுற்ற பிள்ளையுடன் வீட்டில் தங்கும் பெற்றாருக்கு ஊதிய ஈடு வழங்கும் முறை 1974 முதல் நிலவும் நாடு அது. அத்தகைய ஈடு இல்லாத நாட்டில், நாட்கூலியை நம்பி வாழும் தாயின் பிள்ளையை வாயிலில் வைத்துத் திருப்பியனுப்புவது நீதியாகுமா? நாளை வேலைக்குப் போகாவிடில் அடுப்பெரியாது என்ற நிலையில் உள்ளவள், பிள்ளை ஒரே நாளில் சுகமடைய வேண்டுமென்று மருந்து கேட்பதில் வியப்பில்லை. அவளைக் கண்டிப்பதற்கு முன், அவளுக்குச் சம்பளத்துடன் விடுமுறை கொடுக்க அரசாங்கங்கள் முன்வரட்டும்.

சாதாரண தடிமனை உண்டாக்குவது வைரசு. அதனை அன்டிபயோட்டிக் தீண்டாது. இதைப் பொறுமையுடன் எடுத்துச் சொல்வது மருத்துவர் கடன். சீட்டின்றி அம்மருந்தை விற்காதிருப்பது மருந்துக் கடைக்காரர் கடன். கொடுத்த மருந்தைச் சொன்ன அளவிலும் சொன்ன நாள்வரையும் கொடுப்பது பெற்றார் கடன். கைகழுவும் நீரும் இடவசதியும் போதிய ஊழியரும் உள்ள நிலையங்களைப் பிள்ளைகளுக்கு அளிப்பது அரசின் கடன்.

குளத்து நீரை ஒருவர் வீணாக்கினால் ஊரார் வயல் முழுவதும் வாடும். அன்டிபயோட்டிக்கும் அத்தகைய பொதுச்சொத்தே. இன்று வீணே செலவழித்துவிட்டு, நாளை உயிருக்குப் போராடும் குழந்தையின் கட்டிலருகே வெறுங்கையுடன் நிற்கும் நிலையை நாம் தேடிக்கொள்ளலாகாது.