குற்றவாளி ஆக்கப்படுபவர் யார்?

‘புதிதாக என்ன நாவல் வாசிக்கலாம்?’ என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் தரும் பட்டியலில் இலக்கிய நாவல்களும் குற்ற நாவல்களும் கலந்தே இருக்கும். அதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. குற்ற நாவல் ரயில் பயணத்துக்கு உரியது, ஆய்வுக்கு உரியதன்று என்னும் எண்ணம் நம் பல்கலைக்கழகங்களில் இன்னும் வலுவாகவே இருக்கிறது. ஆனால் 2013 முதல் இந்தியாவில் வெளிவந்த சில நாவல்களை அடுத்தடுத்து வாசித்த பிறகு அந்தப் பாகுபாட்டை என்னால் ஏற்க இயலவில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எந்த நாவலின் முடிவையும் உடைக்கமாட்டேன்.

மரபான துப்பறியும் கதையின் அமைப்பு நாம் அறிந்ததே. ஒரு கொலை நடக்கிறது, ஒழுங்கு குலைகிறது. அறிவாளி ஒருவர் வருகிறார்; தடயங்களைக் கோத்து ஒரு பெயரைச் சொல்கிறார். பெயர் சொல்லப்பட்டதும் உலகம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. 1932-இல் சரதிந்து பந்தோபாத்யாய் வங்க வாசகர்களுக்கு அறிமுகப்படுத்திய பியோம்கேஷ் பக்‌ஷி, தம்மைத் துப்பறிவாளர் என்று அழைப்பதை விரும்பாமல் ‘சத்யான்வேஷி’, அதாவது உண்மையைத் தேடுபவர், என்றே சொல்லிக்கொண்டார். உண்மை என ஒன்று உண்டு, தேடினால் அது அகப்படும், அகப்பட்டால் நீதி கிடைக்கும் என்னும் மூன்று நம்பிக்கைகள் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன.

இன்றைய இந்திய நாவல்கள் ஆட்டம் காண வைத்திருப்பது இந்த நம்பிக்கைகளைத்தான். இவற்றில் ஒரு பெயரைச் சொல்வது தீர்வாக அமைவதில்லை. பல வேளைகளில் அதுவே இரண்டாவது குற்றமாக இருக்கிறது. ‘கொன்றவர் யார்?’ என்று கேட்டு வாசிக்கத் தொடங்கும் நாம், ‘குற்றவாளி ஆக்கப்படுபவர் யார், ஆக்குபவர் யார்?’ என்ற கேள்வியில் வந்து நிற்கிறோம்.

நீலாஞ்சனா ராய் எழுதிய ‘பிளாக் ரிவர்’ (2022) இதற்கு நல்ல சான்று. தில்லியிலிருந்து சில மணி நேரத் தொலைவிலுள்ள தீதர்பூர் என்னும் கிராமத்தில், முனியா என்ற எட்டு வயதுச் சிறுமி மரத்தில் தொங்கவிடப்பட்ட நிலையில் கிடக்கிறாள். அருகே காணப்பட்டவன் மன்சூர்; மனம் பேதலித்து அலைபவன், முஸ்லிம். ஊருக்கு அதற்குமேல் சாட்சியம் எதுவும் தேவைப்படவில்லை. கூட்டத்தின் முடிவை வழக்காக எழுதிக்கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்ற நெருக்கடிக்கு நடுவில் துணை ஆய்வாளர் ஓம்பீர் சிங் நிற்கிறார். அவர் மாமனிதர் அல்லர். களைத்துப்போன, சமரசங்களுக்குப் பழகிய காவலர். அப்படிப்பட்ட ஒருவர் ஒரு நாள், ஒரு விசாரணையில் நேர்மையாக இருக்க முயல்வதே இங்கே எவ்வளவு பெரிய செயல் என்பதை நாவல் நமக்கு உணர்த்துகிறது. ஆயினும் நூலின் உயிர் முனியாவின் தந்தை சாந்திடம் இருக்கிறது. யமுனைக் கரையில் அவர் வாழ்ந்த பழைய நாள்களும், அங்கே வாய்த்த காலித், ராபியா ஆகியோரின் நட்பும் விரியும் பகுதிகளில் துப்பறிதல் பின்னுக்குச் சென்று துக்கம் முன்னுக்கு வருகிறது. கதை வேகம் குறைகிறது என்று இதைக் குறை சொன்னவர்களை அறிவேன். ஒரு தந்தையின் துக்கத்தைக் கதையின் வேகத்துக்காகச் சுருக்க மறுத்ததே இந்நாவலின் மேன்மை என்பது என் கருத்து.

மேகா மஜும்தாரின் ‘எ பர்னிங்’ (2020) இன்னும் இறுக்கமானது. கொல்கத்தாவின் குடிசைப் பகுதியில் வாழும் ஜீவன் என்னும் முஸ்லிம் இளம்பெண், ரயில் எரிப்பு ஒன்றைப் பற்றி அரசைக் குறைகூறும் ஒரு முகநூல் பதிவை இடுகிறாள். சில நாள்களில் சிறையில் இருக்கிறாள். அவளுக்காகப் பேசக்கூடியவர்கள் இருவர்: அவளிடம் ஆங்கிலம் கற்ற திருநங்கை லவ்லி, பள்ளியில் அவளுக்கு உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். ஒருவருக்குத் திரைப்படக் கனவு. மற்றவருக்குக் கட்சி மேடையில் ஓர் இடம். இருவரும் கொடியவர்கள் அல்லர். தத்தம் ஏணியில் ஒரு படி ஏறுகிறார்கள். ஒவ்வொரு படியும் ஜீவனின் தோள்மேல் இருக்கிறது. இது மிகைப்படுத்திய கற்பனை என்று கருதுபவர்கள், 2022-ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரத்தைப் பார்க்கலாம். இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நால்வரில் மூவர் விசாரணைக் கைதிகள். எந்த நீதிமன்றமும் அவர்களை இன்னும் குற்றவாளி என்று சொல்லவில்லை.

தீபா அனப்பராவின் ‘ஜின் பேட்ரோல் ஆன் தி பர்ப்பிள் லைன்’ (2020) அமெரிக்காவின் எட்கர் விருதைப் பெற்றது. குடிசைப் பகுதியில் குழந்தைகள் ஒவ்வொருவராகக் காணாமற்போகிறார்கள். காவல் துறை அசைவதில்லை. தொலைக்காட்சியில் போலீஸ் தொடர்களைப் பார்த்து வளர்ந்த ஒன்பது வயது ஜெய், தோழி பரியையும் தோழன் ஃபைஸையும் சேர்த்துக்கொண்டு துப்பறியப் புறப்படுகிறான். சிறுவனின் குறும்பான குரல் நம்மைச் சிரிக்க வைக்கிறது. துப்பறிய வேண்டியவர்கள் துப்பறியாததால்தான் ஒரு குழந்தை அந்த வேலையைச் செய்கிறது என்ற நினைவு வரும்போது அந்தச் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது. நொய்டாவின் நிதாரியை நினைக்காமல் இதை வாசிக்க என்னால் முடியவில்லை. 2006 டிசம்பரில் அங்கே குழந்தைகளின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் கீழ் நீதிமன்றம் விதித்த மரண தண்டனைகளை ரத்துசெய்ததோடு புலனாய்வையும் கடுமையாகக் கண்டித்தது. பதினேழு ஆண்டுகள் கழிந்தும், தங்கள் பிள்ளைகளைக் கொன்றது யார் என்பதற்கு அந்தப் பெற்றோருக்கு விடை இல்லை. இப்படிப்பட்ட நாட்டில், கடைசி அத்தியாயத்தில் எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்துவிடும் நாவல் ஓரளவு பொய் சொல்கிறது என்றே தோன்றுகிறது.

தனுஜ் சோலங்கியின் ‘மாஞ்சிஸ் மேஹெம்’ (2022) வேறு வழியில் செல்கிறது. மும்பையின் காப்பிக்கடை ஒன்றின் வாசலில் காவலுக்கு நிற்கும் தலித் இளைஞன் சேவாராம் மாஞ்சியே கதையைச் சொல்கிறான். வருவோர் போவோர் அனைவரையும் அவன் பார்க்கிறான். அவனை யாரும் பார்ப்பதில்லை. வழக்கமாகச் சந்தேகத்துக்கு உள்ளாகும் மனிதன் இங்கே தேடுபவனாகிறான். வன்முறையும் கசப்பான நகைச்சுவையும் மிகுந்த இந்நூலில் சாதி குறித்த உரை எதுவும் நிகழ்த்தப்படுவதில்லை. கதைசொல்லியின் பார்வையிலேயே அது இருக்கிறது.

இனி, இலக்கிய நாவல் என்ற அலமாரியில் வைக்கப்பட்டிருக்கும் இரண்டு. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ (2013) ஆங்கிலத்தில் ‘பயர்’ என்ற பெயரில் வெளிவந்து, 2023-இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. சாதி மாறி மணம் புரிந்த சரோஜாவையும் குமரேசனையும் சுற்றி ஓர் ஊரே வேலி கட்டுகிறது. இங்கே துப்பறிய எதுவுமில்லை; எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஊர் அதைக் குற்றம் என்று அழைக்க மறுக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது, விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதிய ‘காச்சர் கோச்சர்’ (2013). மசாலா வணிகத்தால் திடீரெனச் செழித்த ஒரு பெங்களூருக் குடும்பத்தின் கதை. குற்றம் நடந்ததா என்பதே உறுதியாகச் சொல்லப்படுவதில்லை. ஆனால் வீட்டு எறும்புகளை அவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் படித்தவர் கடைசிப் பக்கத்தில் நிம்மதியாக நூலை மூடமாட்டார். இதைவிடக் கச்சிதமான குற்ற நாவலை நான் அண்மையில் வாசித்ததில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். தீப்தி கபூரின் ‘ஏஜ் ஆஃப் வைஸ்’ (2023), தில்லி நடைபாதையில் உறங்கிய ஐவரை ஒரு மெர்சிடிஸ் கார் கொன்றதில் தொடங்குகிறது. பழியை ஏற்கும் ஊழியன் அஜய்யின் இளமைக் காலத்தைச் சொல்லும் பக்கங்கள் அபாரமானவை. பிறகு நாவல் பணக்காரர்களின் விருந்துகளில் மயங்கி, தான் கண்டிக்க வந்த பளபளப்பையே ரசிக்கத் தொடங்கிவிடுகிறது. இன்னொன்று மொழி. ‘எ பர்னிங்’ நாவலில் லவ்லியின் வங்காளம் உடைந்த ஆங்கிலமாக ஒலிப்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. தன் மொழியில் அவள் திக்காமல் பேசுபவள்தானே? ‘பூக்குழி’யின் மாந்தருக்கு அந்தச் சிக்கல் இல்லை, அவர்கள் தங்கள் மொழியிலேயே வெறுக்கிறார்கள், தங்கள் மொழியிலேயே அஞ்சுகிறார்கள்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் ‘காச்சர் கோச்சர்’ என்பேன். ஒரே மாலையில் முடித்துவிடலாம். அடுத்து ‘பூக்குழி’, பிறகு ‘பிளாக் ரிவர்’. தொலைக்காட்சி விவாதத்தில் இரவு ஒன்பது மணிக்கே தீர்ப்பு வழங்கப்பட்டுவிடும் காலத்தில், ஒரு பெயரைக் கேட்டவுடன் நம்பிவிடாமல் முந்நூறு பக்கம் காத்திருக்கும் பழக்கத்தை இந்நூல்கள் நமக்குத் தருகின்றன. இவை இலக்கியமா, இல்லையா என்பதை விமர்சகர்கள் பேசட்டும். அடுத்த முறை ஒரு முகம் திரையில் காட்டப்பட்டு ‘இவன்தான்’ என்று சொல்லப்படும்போது, ஒரு கணம் நமக்கு மன்சூர் நினைவுக்கு வந்தால் போதும்.

நான் தவறவிட்ட நூல்கள் இருக்கும். குறிப்பாக மலையாளத்திலும் மராத்தியிலும் இவ்வகையில் நீங்கள் வாசித்தவற்றைச் சொன்னால் மகிழ்வேன்.